நடுவட்டத்துக்கு ஆள் இல்லை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அய்யாவு அளவுக்கு வளர்ந்த மனிதன் வேறு யாரும் கிடையாது. தண்டவாளத்துக்கு அடியில் கட்டை மாற்றும் கூட்டத்தில் அவனும் ஒருவன். அந்த உயரத்தால் அதுவரை அவன் கண்ட லாபம், ஸ்டேஷனில் உயரத்தில் மாட்டியிருந்த விளக்குகளைத் துடைக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள் என்பது மட்டும்தான். மற்றபடி கேலிதான். கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது நல்லம்மாளை ஒரு பலகை மேல் ஏற்றி நிற்க வைத்த கதையைக் குவாட்டர்ஸில் வெகுகாலம் பேசிச் சிரித்தார்கள்.

வேலை முடிந்து வரும் வழியில் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். அங்கே சீன வாலிபர்கள் கம்பத்தில் மாட்டிய இரும்பு வளையத்துக்குள் பந்தைப் போட்டு விளையாடுவார்கள். அய்யாவு வேலியோரம் நின்று பார்ப்பான். ஒரு நாள் அவர்களுக்கு ஆள் குறைந்தது. "ஏய், நெட்டை! வா லா!" என்று மலாயில் கூப்பிட்டார்கள். அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். வீட்டில் புஷ்பவல்லி என்று கைக்குழந்தை ஒன்று. வெறுங்காலோடு உள்ளே போனான். பந்தைக் கையில் வாங்கிய மாத்திரத்தில், இத்தனை நாளும் இந்தக் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவனுக்குத் தோன்றியது.

அந்தக் காலத்தில் கூடைப்பந்தில் ஒரு விதி இருந்தது. யார் கூடையில் போட்டாலும் பந்து திரும்ப நடுவட்டத்துக்கு வந்துவிடும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் நிற்பார்கள். நடுவர் பந்தை மேலே எறிவார். எட்டித் தட்டுகிறவன் பக்கம் பந்து போகும். ஆக, நடுவட்டத்தில் நிற்கிறவன் உயரமாக இருந்தால் பாதி ஆட்டம் கையில். அய்யாவு நின்ற பக்கம் பந்து போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வருஷத்தில் கோலாலம்பூர் சீனர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கறுத்த நெட்டை ஆளைத் தெரியும்.

கிள்ளானில் காலில் போடும் ரப்பர் சப்பாத்து செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த முதலாளி, தவுக்கே டான், ஒரு நாள் அவனைத் தேடிக் குவாட்டர்ஸுக்கே வந்தார். தம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆட ஒரு குழு கட்டிக்கொண்டிருந்தார் அவர்.

"ரயில்வேல என்ன குடுக்கறாங்களோ அதுக்கு மேல நான் குடுக்கறேன். கட்டை தூக்க வேணாம், சப்பாத்து ஒட்ட வேணாம். பந்து ஆடு. அதுதான் வேலை" என்றார்.

"ஆடறதுக்குச் சம்பளமா?" நல்லம்மாளால் நம்ப முடியவில்லை. "எத்தன நாளைக்குங்க?"

அந்தக் கேள்வியை அய்யாவு காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடும்பம் கிள்ளானுக்குக் குடிபெயர்ந்தது. தொழிற்சாலை முற்றத்திலேயே மைதானம். அதன் பின்வேலியை ஒட்டி ஒரு பலகை வீடு.

எட்டு ஒன்பது வருஷம் ராஜா மாதிரி இருந்தான். ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர், ஒரு முறை கப்பலேறி மேடான் வரைக்கும் போய் ஆடினான். சீனப் பத்திரிகையில் அவன் படம் வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று குழுவில் ஒருவன் வாசித்துச் சொன்னபோது, "கறுப்புக் கோபுரம்" என்று போட்டிருப்பது தெரிந்தது. அய்யாவுக்கு அதில் பெருமைதான். கிள்ளான் பாசாரில் மீன்காரன்கூட அவனுக்கு முதல் மீனை எடுத்துக் கொடுப்பான்.

பினாங்கில்தான் முழங்கால் போயிற்று. மழை பெய்து காய்ந்த சிமெண்டுத் தரை. எட்டித் தட்டிவிட்டுக் கீழே இறங்கியவனின் கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் திரும்பியது. சீன வைத்தியர் சின்சே கட்டுப் போட்டார். பெரியாஸ்பத்திரி டாக்டரும் பார்த்தார். வீக்கம் வற்றியது, குதிக்கிற சக்தி திரும்பவில்லை. அதன் பிறகும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். எறிந்த பந்து அவன் விரலுக்கு மேலே, வேறு யாருடைய கைக்கோ போய்க்கொண்டிருந்தது.

தவுக்கே அவனைக் கூப்பிட்டார். ரயில்வேக்கே திரும்பிப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் அய்யாவு போனான்.

"கால் போச்சு. வாய் இருக்குல்ல?" என்றார் அவர். "பொம்பளைங்க குழு ஒண்ணு ஆரம்பிக்கறேன். நீ சொல்லிக் குடு."

சப்பாத்துக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பெண்கள். பதினேழு பதினெட்டிலிருந்து முப்பது வயதுவரை. பசை நாற்றம் போகாத கையோடு சாயங்காலம் மைதானத்துக்கு வந்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முழங்கால்வரை கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. முதல் வாரம் முழுவதும் அய்யாவு அவர்களை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. 'சிங்கப்பூரில் கைதட்டு வாங்கியவனுக்கு இந்தக் கதியா' என்று மனசுக்குள் புழுங்கினான்.

அவனை மாற்றியது லாய் ஃபோங் என்கிற பெண். பசை காய்ச்சும் பகுதியில் வேலை, இருபத்து நாலு வயது, குட்டை உருவம். ஒரு நாள் அவள் நேரே வந்து நின்றாள்.

"கோச், நீங்க தரையைப் பாத்துப் பேசறீங்க. தரை ஆடப் போறதில்ல. நாங்கதான் ஆடப் போறோம்" என்றாள்.

அன்றுதான் அவர்களைப் பார்த்தான். பார்த்தபின் விட முடியவில்லை. தன் காலால் செய்ய முடியாததை எல்லாம் வார்த்தையாக்கிச் சொல்லச் சொல்ல, அவர்கள் அதைச் செய்தார்கள். யாருக்குத் தோள் இறுகியிருக்கிறது, யார் பந்து வருமுன்னே கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று தூக்கத்தில்கூட யோசித்தான். ஆடிய காலத்தில் அவன் தன்னை மட்டும்தான் பார்த்தான். இப்போது ஐந்து பேரைச் சேர்த்துப் பார்க்கப் பழகினான். இது ஆடுவதைவிடப் பெரிய வேலை என்று நல்லம்மாளிடம் சொன்னபோது அவள், "சம்பளம் வந்தா சரி" என்றாள்.

ஒரே குறை, குழுவில் நெட்டையாக ஆள் இல்லை. நடுவட்டத்தில் யாரை நிறுத்தினாலும் எதிராளி தட்டிக்கொண்டு போனாள்.

இப்படியே மூன்று நாலு வருஷம் போயிற்று. புஷ்பவல்லிக்கு அப்போது பதினாறு. அப்பாவைக் கொண்டு பிறந்திருந்தாள். நிலைப்படியில் தலை இடித்துக்கொள்ளத் தொடங்கி ஒரு வருஷமாகியிருந்தது. நல்லம்மாளுக்கு அதுவே பெரிய கவலை. "இந்தப் பனமரத்துக்கு நான் எங்க போயி மாப்ள தேடுவேன்" என்று சமைத்துக்கொண்டே புலம்புவாள். வந்த இரண்டு மூன்று வரன்களும் பெண்ணை நிற்க வைத்துப் பார்த்துவிட்டுக் காப்பியோடு நிறுத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

ஒரு மதியம், தொழிற்சாலையில் சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில், அய்யாவு கிடங்கு வழியாக மைதானத்துப் பக்கம் வந்தான். பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருத்தி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாவணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள். லாய் ஃபோங் பந்தை மேலே எறிந்தாள். அந்தப் பெண் எம்பினாள். அவள் கை பந்தைத் தட்டவில்லை. மேலேயே அதை ஒரு கணம் நிறுத்தி, எங்கே போக வேண்டும் என்று அதற்குச் சொல்லி அனுப்புவது போல விரல் நுனியால் திருப்பிவிட்டது. அந்தத் திருப்பு அவனுடையது. யாரும் அவனுக்குச் சொல்லித் தராதது, அவனும் யாருக்கும் சொல்லித் தராதது. பின்வேலி ஓட்டையில் கண்ணை வைத்து, சின்ன வயதிலிருந்து பார்த்தே கற்றிருக்கிறாள் மகள்.

அய்யாவுக்கு உடம்பு சிலிர்த்தது. வாய்விட்டு 'சபாஷ்' என்று கத்தியிருப்பான். அதற்குள் புஷ்பம் அவனைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு. ஓடி ஒளியவில்லை. எப்படி என்று கேட்பது போல நின்றாள்.

"கோச், பாத்தீங்களா?" லாய் ஃபோங் ஓடி வந்தாள். "மூணு மாசமா மதியத்துல எங்களோட ஆடறா. உங்ககிட்ட சொல்ல பயம். நமக்கு நடுவட்டத்துக்கு ஆள் கெடச்சாச்சு லா!"

"வீட்டுக்குப் போ" என்றான் அய்யாவு தமிழில், மகளிடம். அவ்வளவுதான் வந்தது. அவள் சிரிப்பு மறைய நேரமாயிற்று. பாவாடையை இறக்கிவிட்டுக்கொண்டு போனாள்.

அன்றிரவு அவன் எதுவும் முடிவு செய்யவில்லை. திட்டவுமில்லை. ஆடட்டும் என்று பாதி மனசு சொல்லியது. நெஞ்சில் கை வைத்துச் சொன்னால் பாதிக்கு மேலேயே சொல்லியது. சனிக்கிழமை நாகையா வந்தார்.

நாகையா பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே மேஸ்திரி, கோயில் கமிட்டியில் ஒருவர், நல்லம்மாளுக்குத் தூரத்து மாமன். செமினித் தோட்டத்தில் கிராணியாக இருக்கும் பழனியப்பன் என்கிற பையனின் ஜாதகத்தோடு வந்திருந்தார்.

"படிச்ச பையன். தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதறான். பொண்ணு ஒசரம்னு சொல்லிட்டேன், பரவால்லன்னுட்டான். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். காப்பியை ஆற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு மாப்ள. நீ சீனப் பொம்பளைங்கள அரைக்கால் சட்டையோட ஓட விடறது பையன் வீட்டுக்காரங்க காதுக்கும் போயிருக்கு. அது உன் பொழப்பு, போகட்டும்ன்றாங்க. பொண்ணு அந்தப் பக்கம் போகாதில்ல?"

"போகாது மாமா" என்று நல்லம்மாள் அவசரமாகச் சொன்னாள். அய்யாவு ஜாதகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பயிற்சிக்கு நடுவில், அய்யாவு மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு புஷ்பம் மைதானத்துக்கு வந்தாள். வேண்டுமென்றே வந்தாளோ என்னவோ. லாய் ஃபோங்குக்கு அவளைக் கண்டதும் தாங்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டாள்.

"கோச், புஷ்பத்தைச் சேத்துக்கலாமா? தவுக்கேகிட்ட நான் பேசறேன். அவளுக்குச் சட்டைகூட தெச்சாச்சு."

பெண்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நான்கைந்து அடி தள்ளித் தூக்கும் கையுமாக மகள். 'கூடாது' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். நாங்கள் ஆடுவது சரி, உங்கள் பெண் ஆடினால் கேவலமா என்று லாய் ஃபோங் கேட்பாள். அவள் கேட்கக்கூடியவள். அதற்கு அவனிடம் பதில் கிடையாது.

"டியா தா மாவ்" என்றான் மலாயில். அவளுக்கு வேண்டாமாம். "நேத்தே கேட்டேன். இஷ்டமில்லன்னுட்டா. கல்யாணம் ஆகப் போவுது, அந்த நெனப்புல இருக்கா."

பெண்கள் கல்யாணம் என்றதும் ஆரவாரம் செய்து புஷ்பத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். லாய் ஃபோங் மட்டும் அசையவில்லை. புஷ்பத்தின் முகத்தையே பார்த்து, "அப்படியா?" என்றாள். புஷ்பம் அப்பாவைப் பார்த்தாள். கிள்ளானில் வளர்ந்த பிள்ளை. மலாய் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டுத் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு நடந்தாள்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. பழனியப்பன் நல்ல மனிதன்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிவந்த மெலிந்த உடம்பு, மனைவியின் காது உயரம். வண்டி ஏறும்போது புஷ்பம் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா காலில் விழுந்து கும்பிட்டாள். அப்போது அழவில்லை.

அதற்குள் சீனாவில் போர் மூண்டிருந்தது. மலாயாச் சீனர்கள் ஊர் ஊராக நிவாரண நிதிக்குப் பந்தாட்டம் நடத்தினார்கள். தவுக்கே டானின் பெண்கள் குழு வாராவாரம் லோரியில் ஏறி எங்காவது போயிற்று. நடுவட்டத்தில் தட்டுகிற விதியும் மாறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் பந்தை மேலே எறிகிற வழக்கத்தைப் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். குட்டையானவர்களை வைத்துக்கொண்டே வேகத்தால் ஜெயிக்க அய்யாவு வழி கண்டுபிடித்தான். லாய் ஃபோங் ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் கல்யாண விஷயத்துக்குப் பிறகு அவள் அவனிடம் ஆட்டத்தைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில், கோலாலம்பூரில் ஒரு சீனப் பள்ளிக்கூட மைதானத்தில், நிவாரண நிதிப் போட்டியில் ஈப்போ குழுவோடு கடைசி ஆட்டம். அய்யாவு முன்வாரமே மாப்பிள்ளையிடம் ஆள் மூலம் சொல்லியனுப்பினான். புஷ்பத்தையும் பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும், முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன் என்று. வருவதாகப் பழனியப்பன் பதில் சொல்லியிருந்தான்.

நாற்காலிகள் போட்டு வைத்தான். யாரையும் உட்கார விடாமல் தன் துண்டை விரித்து வைத்தான். ஆட்டம் தொடங்கியது. வழக்கமாக ஒரு கண நேரம்கூட மைதானத்தை விட்டுக் கண் எடுக்காதவன், அன்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் ஓடி வந்து என்ன செய்வதென்று கேட்டபோது, எந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பது போல விழித்தான். லாய் ஃபோங்கே கையைக் காட்டி, ஆளை மாற்றி, ஆட்டத்தை நடத்தினாள். கடைசியில் கூட்டம் எழுந்து கூச்சல் போட்டபோதுதான் திரும்பினான். கூடையில் விழுந்த பந்து தரையில் உருண்டுகொண்டிருந்தது. யார் போட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. பெண்கள் அவனைச் சுற்றிக் குதித்தார்கள். தவுக்கே அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். துண்டு விரித்த நாற்காலிகள் அப்படியே இருந்தன.

வீட்டில் நல்லம்மாள், "மாப்ள வீட்டுல விட்டிருக்க மாட்டாங்க. இல்ல, புள்ளைக்கு ஒடம்பு முடியலையோ என்னவோ" என்றாள்.

"நீயா சொல்லாத" என்றான் அய்யாவு. "அவளுக்காக யாரும் சொல்ல வேணாம். நான் போயி கேட்டுக்கறேன்."

மறுநாளே ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறிச் செமினிக்குப் போய் இறங்கினான். நல்ல வெயில். கிராணி வீடு ஆபீஸுக்குப் பக்கத்தில், ரப்பர் பால்மரங்களுக்கு நடுவில் இருந்தது. பழனியப்பன் வேலைக்குப் போயிருந்தான். சாரோங் தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. புஷ்பம் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து, "வாங்கப்பா" என்றாள். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாச்சு" என்றான். செம்புத் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டுக் கேட்டான். "ஏம்மா வரல?"

"அவரு கூப்பிட்டாரு. சட்டையெல்லாம் போட்டுக் கெளம்பிக்கூட நின்னாரு. நான்தான் போக வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

அவள் தொட்டிலைத் திரும்ப ஆட்டத் தொடங்கினாள். "பாத்துட்டு சும்மா ஒக்காந்திருக்க முடியாதுப்பா. எந்திரிச்சு எறங்கிடுவேன்னு பயமா இருந்துச்சு."

அய்யாவு செம்பைக் கீழே வைத்தான். "நான் அன்னிக்கு உன்னய ஆட விட்டிருக்கணும்மா."

"அது இல்லப்பா." அவள் குரலில் கோபம் இல்லை, ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிற நிதானம்தான் இருந்தது. "கூடாதுன்னு நீங்க சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன். ரெண்டு நாளு சாப்புடாம கெடந்திருப்பேன். லாய் ஃபோங் அக்கா உங்ககிட்ட சண்ட போட்டிருக்கும். கடைசில நீங்க சொன்னபடிதான் நடந்திருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். எங்கப்பா விடலன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன். நீங்க என்னான்னா, எனக்கு வேணாமாம்னு சொல்லிட்டீங்க. அத்தன பேரு முன்னாடி. அப்புறம் நான் யாருகிட்ட போயி என்னான்னு கேக்கறது?"

நாகையா சொன்னது, வரன் கிடைக்காதது, நல்லம்மாளின் புலம்பல் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. எல்லாமே உண்மைதான். ஆனால் அன்று மைதானத்தில் அவன் வாயிலிருந்து வந்தது அவற்றில் எதுவும் இல்லை. லாய் ஃபோங்குக்குப் பதில் சொல்லப் பயந்து சொன்னது அது. அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. "தப்புதாம்மா" என்றான்.

"சரி விடுங்க. சோறு ஆக்கிட்டேன். சாப்ட்டுப் போங்க."

சாப்பிட்டான். பேரன் விழித்துக்கொண்டு அவனைக் கண்டு அழுதான். சாயங்காலம் மாப்பிள்ளை வந்து, நேற்று வர முடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டான். பிள்ளையோடு மூவருமாகத் தோட்டத்து மண்பாதையில் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். புஷ்பம் புருஷன் பக்கத்தில் நடந்தாள். அவன் பேசுவதைக் கேட்கத் தலையைச் சாய்த்துச் சாய்த்தோ என்னவோ, முதுகு லேசாகக் கூனியிருந்தது. தோள்கள் முன்பக்கம் வளைந்து, முழங்கால்களைக்கூட மடித்தே நடப்பது போல இருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் அவளை நெட்டைப் பெண் என்று சொல்ல மாட்டார்கள்.

'நிமிந்து நில்லு' என்று எத்தனை பெண்களைப் பார்த்துக் கத்தியிருக்கிறான் அய்யாவு. அந்த வார்த்தை இப்போது தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லத் தனக்கு வாயில்லை என்று விழுங்கிக்கொண்டான். பஸ் வந்தது. ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தான். பஸ் கிளம்பியபோது அவள் பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். அவனும் கையை ஆட்டினான். வளைவு திரும்பும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தான்.